மாரித்தாய் விழுந்த படங்கள்

மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் அஜய். தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் இஞ்சினியரிங் முடித்தான். அதன்பிறகு கிடைத்தது லாட்ஜுகளுக்கு சிசிடிவி மாட்டும் வேலை. ஏணியைத் தோளில் சுமந்து போகிறவனை யாரும் இஞ்சினியர் என்று நினைக்கவில்லை. கொஞ்ச காலத்தில் அவனும் சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டான்.

முப்பதை நெருங்கும்போது ஓர் ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்தான். உள்ளங்கை அளவு போர்டில் கேமராவைப் பொருத்தி, அது பார்ப்பது என்னவென்று அதுவே கண்டுசொல்லும்படி புரோகிராம் எழுதும் பயிற்சி. வகுப்பு ஞாயிறு காலையில். லயத்தில் அவர்கள் வீட்டுச் சமையலறையில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் அவன் அரிசி மூட்டையின்மேல் லேப்டாப்பை வைத்து உட்காருவான். முதுகுக்குப் பின்னால் அம்மா மாரித்தாய் குழம்பு கூட்டிக்கொண்டிருப்பாள்.

ஒருமுறை மைக்கை அணைக்க மறந்துவிட்டான். "ஏய்யா, கருவாடு ரெண்டு போதுமா, மூணு வைக்கட்டா?" என்று மாரித்தாய் கேட்டது பெங்களூர், புனே என்று எல்லா ஊர் இஞ்சினியர்களுக்கும் கேட்டது. வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஸ்ரீரஞ்சனி ஆங்கிலத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"ஆத்துல தமிழா அஜய்? நாங்களும் தமிழ்தான், கல்பாத்தி அக்ரஹாரம். அம்மாவுக்கு பதில் சொல்லிட்டு வாங்கோ."

அவளுக்கும் அவன் வயதுதான் இருக்கும். அன்றிலிருந்து சந்தேகம் கேட்க அவனுக்குக் கூச்சம் இல்லாமல் போயிற்று.

பயிற்சியின் முடிவில் ஆளுக்கொரு சாதனம் செய்து காட்ட வேண்டும். அஜய் யோசிக்கவே இல்லை. மாரித்தாய்க்கு இரண்டு வருஷமாக வலிப்பு வந்துகொண்டிருந்தது. மாத்திரையிலும் முழுக்க அடங்கவில்லை. வீட்டில் இரண்டு தடவை விழுந்து, யாரும் பார்க்காமல் கிடந்திருக்கிறாள். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற இடத்தில் இதை அவள் மூச்சுவிடவில்லை.

"காட்டுல தெரிஞ்சா வரவேண்டாம்பாக. உங்கப்பாவும் ரிட்டையராயாச்சு. என் வேலை போனா இந்த எஸ்டேட் வீட்டயும் திருப்பிக் கேப்பாகல்ல" என்பாள்.

ஆள் விழுந்தால் உடனே போனுக்குச் செய்தி அனுப்பும் கேமரா செய்வதாக அஜய் சொன்னான்.

"நல்ல விஷயம். ஆனா விழற படங்கள் நிறைய வேணுமே. எங்கேந்து எடுப்பேள்?" என்று கேட்டாள் ஸ்ரீரஞ்சனி.

"விழுந்துதான் எடுக்கணும் மேடம்" என்றான்.

அப்படித்தான் எடுத்தார்கள். சமையலறைச் சுவரில் கேமராவை மாட்டி, கீழே பழைய மெத்தையை விரித்து, அஜய் விழுந்தான். அப்பா சோலை விழுந்தார். முப்பது வருஷம் ஃபாக்டரியில் வேலை பார்த்த மனுஷர், வேட்டியை இறுக்கிக்கொண்டு மெத்தையில் சாய்வதைப் பார்த்து மாரித்தாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு அவளே முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

"தள்ளுங்க. நான் விழுந்தாத்தான அது என்னைய அடையாளம் கண்டுக்கிடும்?"

பக்கவாட்டில், குப்புற, மல்லாக்க என்று சொல்லச் சொல்ல விழுந்தாள். அதற்கப்புறம் அவள் நடப்பதும் உட்காருவதும் தேங்காய் துருவுவதும் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் பதிவாகின. ஆரம்பத்தில் கொஞ்சம் படங்களை மட்டுமே வைத்துப் பழக்கியிருந்ததால், அவள் கீழே சிந்தியதைக் குனிந்து பொறுக்கினாலும் விழுந்துவிட்டாள் என்று அவன் போனுக்குச் செய்தி வந்தது. லாட்ஜில் ஏணிமேல் நின்றபடி அவசரமாகப் போன் செய்வான். "உளுந்து கொட்டிருச்சுய்யா, அள்ளுதேன்" என்பாள். அவனுடைய பதற்றத்தில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது.

ஆடி மழையில் ஒருநாள் அவள் கொழுந்தெடுக்கும்போதே விழுந்தாள். செடிகளுக்கு நடுவில் மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் கானில், முகம் தண்ணீரில் இருக்க, குப்புற விழுந்திருந்தாள். தண்ணீர் ஒரு சாண்கூட இல்லை. மற்றவர்கள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு தலைகுனிந்து கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். இலை நிறுக்கும்போது அவள் வரவில்லை என்று தேடிப்போய்த்தான் பார்த்திருக்கிறார்கள். அதற்குள் உயிர் போயிருந்தது.

அஜய் வகுப்புக்கு வராததால் ஸ்ரீரஞ்சனி போன் செய்தாள். அவன் விஷயத்தைச் சொன்னான்.

"இப்போ ஒண்ணும் பண்ண வேண்டாம் அஜய். அடுத்த பேட்ச்ல சேர்ந்துக்கலாம். நான் சொல்லி வைக்கறேன்."

"இல்ல மேடம். முடிச்சுருதேன்."

எடுத்த படங்களில் முக்கால்வாசிக்கு இன்னும் பெயர் குறிக்கவில்லை. நிற்பது, உட்கார்ந்திருப்பது, விழுந்தது என்று ஒவ்வொன்றிலும் ஆளைச் சுற்றிக் கட்டம் போட்டுச் சொன்னால்தான் மெஷினுக்குப் புரியும். காரியம் முடிந்த மறுவாரம் அஜய் உட்கார்ந்தான். சோலையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடுப்படியில் நிற்கும் மாரித்தாய். தலைமுடியை அவிழ்த்து முடியும் மாரித்தாய். கேமராவைப் பார்த்து வாயைக் கோணிக் காட்டும் மாரித்தாய். நிற்பது, நிற்பது, நிற்பது என்று அவன் குறித்துக்கொண்டே போனான்.

மெத்தையில் குப்புறக் கிடக்கும் படம் வந்தது.

"இதுக்கு விழுந்ததுன்னு போடாதடா" என்றார் சோலை.

"போடலேன்னா அதுக்குத் தெரியாதுப்பா."

"அவ சிரிச்சுக்கிட்டேதானடா கெடக்கா."

சோலை எழுந்து வெளியே போய்விட்டார். அவர் போனபிறகுதான் அவனால் அந்தப் படத்துக்குக் குறிக்க முடிந்தது. அதற்கடுத்து அதேபோல் நிறையப் படங்கள் இருந்தன. எல்லாவற்றையும் குறித்தான்.

செய்து காட்டும் நாளில் சாதனம் பிசகாமல் வேலை செய்தது. குனிவதையும் விழுவதையும் சரியாகப் பிரித்துச் சொன்னது. புனேயிலிருந்து ஒருவன், "வீடியோவில் இருக்கும் அம்மா யார்? ரொம்ப இயல்பாக நடித்திருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"என் அம்மா" என்றான் அஜய். ஸ்ரீரஞ்சனியின் கேமரா சிறிது நேரம் அணைந்திருந்தது.

அந்தச் சாதனத்தை வைத்தே கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. நெசவு மில்லில் ஓடும் துணியில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்கும் கேமராக்கள் செய்கிற கம்பெனி. அஜய் ஆசைப்பட்ட மாதிரியான வேலைதான். ஆனால் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஆள் வீட்டில் இல்லை என்றானபின் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொழுந்தெடுக்கப் போய்ச் சேர்ந்துவிடலாமா என்றுகூட அவன் கேட்டான்.

"அதுக்கா அவ உன்னைய படிக்க வச்சா?" என்றார் சோலை. அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

சாமான்களை ஜீப்பில் ஏற்றிய அன்று சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்கு வரப்போகிற குடும்பம் முன்னதாகவே வந்து, பெட்டிகளோடு எதிர்லயத்துக் கூரையோர இறவாணத்தில் ஒதுங்கி நின்றது. அந்தப் பெண், இடுப்பில் பிள்ளையோடு சோலையிடம் வந்தாள்.

"குழாய்ல தண்ணி எப்பண்ணே வரும்?"

"காலைல வரும்மா. மெல்லமாத்தான் வரும், பானைய முந்தியே வச்சிரு" என்றார். பிறகு, "ராத்திரி மாடு உள்ள வரும். பின்கதவுத் தாழ்ப்பாள் சரியா விழாது, ஒரு கட்டையக் குடுத்து வச்சுக்க" என்றார்.

அவள் தலையாட்டினாள். இன்னும் சொல்ல ஏதோ இருக்கிறாற்போல அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அஜய் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினான். சோலை திரும்பிப் பார்க்கவில்லை. மூணாறு வரும்வரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.