சாணிக்கு எதுக்கு வெல்லம்

"...அதெல்லாம் இருக்கட்டும் சார். சாணி சரி, கோமியம் சரி. வெல்லம் எதுக்கு? மாடு வெல்லமா கேட்டுச்சு?"

பிரம்மதேசத்துக்குக் கிழக்கே ஒரு ஊரில், ஒரு வீட்டுக்காரம்மா என்னை மடக்கிய கேள்வி இது. சுனாமிக்கு அடுத்த வருஷம், மழைக்காலம். உப்பளத்தில் வேலை நின்றிருந்தது. ஜீப்பில் வருவார்கள், படம் எடுப்பார்கள், போவார்கள் என்று வெளியாள் யாரையும் ஊர் நம்பாத நேரம். சாணத்தையும் கோமியத்தையும் ஊறவைத்துப் பயிருக்கு ஊற்றும் ஜீவாமிர்தத்தை ஊர் ஊராகக் கற்றுத்தருவது என் வேலை.

டிரம் வைக்க அவர்கள் மாட்டுக்கொட்டகை ஓரத்தைக் காட்டியது அந்த அம்மாவின் கணவர்தான். முந்தின தடவை கலந்து சாக்கால் மூடிவிட்டுப் போயிருந்தேன். அடுத்த தடவைக்கான வெல்லம் பையில் கொட்டகைக் கம்பில் தொங்கியது. இன்று எல்லாரையும் கூட்டி, சாக்கை விலக்கினேன். நுரை, புளித்த வாடை.

"உள்ள நுண்ணுயிர் பெருகுதும்மா. அதுக்குத் தீனிதான் வெல்லம்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "எங்க வேலங்காட்டுலகூட முன்ன நல்லாப் பெருகிச்சு சார். அப்புறம் போலீஸ் வந்து பானையெல்லாம் ஒடைச்சாங்க."

"சாராய ஊறல்னு நேரா சொல்லுங்களேன்" என்றார் அந்த அம்மா. "உரம்னு பேரு வெச்சா வாடை மாறிடுமா?"

அவருடைய கணவர் பொங்கலிலிருந்து குடியைத் தொடவில்லை. வேலை இல்லாத மழைக்காலம்தான் அவருக்குக் கண்டம் என்று பக்கத்து வீட்டில் முன்பே சொல்லியிருந்தார்கள்.

"மாட்டைக் குளிப்பாட்டக் கூப்பிட்டா வராத மனுஷன், காலையிலயும் சாயந்திரமும் இந்த டிரம்மை மட்டும் ஓடி ஓடிக் கிண்டுறாரு. அது எப்படி சார்?"

"கத்திரிக்கு ஊத்தத்தான்டி கிண்டுறேன்" என்றார் கணவர், தரையைப் பார்த்தபடி. அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் எனக்கும் லேசாகச் சந்தேகம் தட்டியது. அந்த அம்மாவின் கை டிரம் விளிம்பில் இருந்தது. அதைச் சாய்த்துவிட்டால் அந்த ஊரில் வேறு எந்த வீட்டிலும் எனக்கு இடம் கிடைக்காது.

அவர் சாய்க்கவில்லை. ஒரு செம்பில் மொண்டு கணவரின் மூக்குக்கு நேராக நீட்டினார். "மோந்து பாருய்யா."

அந்த அம்மா செம்பைப் பார்க்கவில்லை, கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கணவருக்குக் குமட்டியது. திரும்பி நின்று காறித் துப்பினார்.

அந்த அம்மா செம்பைக் கத்திரிச் செடி அடியில் கவிழ்த்தார். பிறகு கம்பில் தொங்கிய வெல்லப் பையை அவிழ்த்து, "இது எங்கிட்ட இருக்கட்டும் சார்" என்று இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.