நைனாவின் சட்டைப்பையிலிருந்த சீட்டு

கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயின் வாசனை எங்கிருந்தாவது வந்தால் இந்த வயதிலும் என் இரண்டு கையும் தானாக மடங்கி முஷ்டியாகிவிடும். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாக வரும், ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன், பாதி மறந்தும் போயிற்று; படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூச்சம் என்பதால்தான் எழுதுகிறேன்.

அந்த எண்ணெயை என் அம்மா தினமும் காலையில் நைனாவின் தோளிலும் கழுத்திலும் தேய்ப்பாள். நைனா என்றால் என் அப்பா, பெயர் கன்னியப்பன். எங்கள் ஊர் காவாந்தண்டலம். சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாத குடும்பத்தில் பிறந்து, வாலிபத்தில் மெட்ராஸ் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவர் அங்கே குத்துச்சண்டை பழகினார், ஒருவர் பின் ஒருவராக எதிரில் வந்தவர்களையெல்லாம் சாய்த்தார், கடைசியில் சாம்பியன் என்று வெள்ளிக் கோப்பை வாங்கினார். ‘பாக்ஸர் கன்னியப்பன்’ என்று அச்சடித்த நோட்டீஸ் ஒன்று எங்கள் குடிசைச் சுவரில் ஒட்டியிருந்தது. அதுவரை எங்கள் தெருவில் யாருடைய பெயரும் அச்சில் வந்ததில்லை.

ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் தலையில் வாங்கிய குத்துகள் எங்கேயும் போய்விடவில்லை. உள்ளேயே தங்கியிருந்து, சண்டையை விட்டுவிட்டு அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வலது கை சும்மா இருக்கும்போதெல்லாம் நடுங்கும். நாக்கு தடித்து, ‘தண்ணி’ என்று கேட்பதே என்னவோ போலக் கேட்கும். உச்சி வெயில் பட்டால் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவார். வரப்பில் நடந்தால் பத்தடியில் கால் பின்னிச் சேற்றில் விழுவார், நடவு நடுகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள்.

“இன்னாடி இது, சாம்பியன் காலங்காத்தாலயே ஏத்திக்கினு வந்துகீறாரு!”

அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. நைனா ஒரு சொட்டுச் சாராயம் தொட்டவரில்லை. அப்போது மதுவிலக்குக் காலம். குடித்தவன் என்று பிடித்தால் ஜெயில், குடிகாரன் என்று பெயர் வந்தால் வேலைக்குக் கூப்பிடவும் மாட்டார்கள். இதில் அம்மா ஒரு தப்பும் செய்தாள். நைனாவின் வாயோரம் எச்சில் ஒழுகுவது வெளியே தெரியக்கூடாது என்று, வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் வெற்றிலை மடித்து வாயில் வைத்து அனுப்பினாள். சாராய நாற்றத்தை மறைப்பதற்கு எல்லாரும் செய்கிற வேலை அது என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். நைனா சில நாள் தூக்கத்திலிருந்து விழித்ததும் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், இரண்டு கையையும் முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டு குடிசையின் நடுக்காலைப் பார்த்து நிற்பார். அப்போது அம்மா பித்தளைத் தட்டில் கரண்டியால் ‘டங்’ என்று ஒரு அடி அடிப்பாள். “மணி அடிச்சாச்சிய்யா, போய் மூலைல ஒக்காரு” என்பாள். குத்துச்சண்டையில் மணி அடித்தால் அந்தச் சுற்று முடிந்தது, அவரவர் மூலைக்குப் போய்விட வேண்டுமாம். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி மூலையில் போய் உட்காருவார். மணி அடித்த பிறகு அவர் கை ஓங்கி நான் பார்த்ததேயில்லை. எங்கள் யாரையும் அவர் ஒரு தட்டு தட்டியதுமில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும். தலைவலிக்கு மருந்து வாங்க அவரை உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் கஞ்சி ஊற்றிய பித்தளைத் தூக்கு. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நைனா தடுமாறி, அங்கே நின்றிருந்த போலீஸ் ஏட்டு மேல் சாய்ந்துவிட்டார்.

“இன்னாய்யா, காலையிலயேவா? ஊது.”

நைனா ஊதினார். வெற்றிலைச் சாறு ஏட்டின் சட்டையில் தெறித்தது.

“ஓகோ, வெத்தல போட்டு மறைக்கிறியா? எங்க போட்ட, சொல்லு!”

நைனா ஏதோ சொன்னார். அந்தக் குழறலைக் கேட்டுக் கூட்டம் சிரித்தது. ஏட்டு லத்தியால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, “இதுமேல நேரா நடந்து காட்டு, வுட்டுடறேன்” என்றார். ‘அவர் குடிக்க மாட்டார்’ என்கிற மூன்று சொல்லை நான் சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஏட்டு நைனாவின் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

உடனே நைனாவின் கை இரண்டும் மேலே எழுந்தன. இடது முன்னால், வலது தாடையோரம். நடுக்கம் அப்படியே நின்றுபோயிற்று. வரப்பில் பின்னுகிற அந்தக் கால்கள் மண்ணில் பட்டும் படாமலும் துள்ளின. அவ்வளவு அழகாக ஒரு மனிதர் நின்று நான் பார்த்ததில்லை. ஏட்டு இரண்டடி பின்னால் போய் லத்தியைத் தூக்கினார். ஒரு குத்து விழுந்தால் போதும், நைனா ஜெயிலுக்குப் போய்விடுவார், எங்கள் அடுப்பும் அணைந்துவிடும்.

நான் கீழே கிடந்த கல்லை எடுத்துக் கஞ்சித் தூக்கின் மேல் ஓங்கி அடித்தேன். ‘டங்!’

நைனாவின் கை இறங்கியது. ஏட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவர் கிழித்த கோட்டின் மேலேயே நேராக நடந்து, டீக்கடை பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்து, தண்ணீருக்காக வாயைத் திறந்தார். நான் கஞ்சித் தெளிவை ஊற்றினேன். எங்களைக் கொண்டுவந்த பஸ்ஸின் டிரைவர் படியிலிருந்து குதித்து ஓடிவந்தார்.

“யோவ் ஏட்டய்யா, இது குடிகாரன் கை இல்லய்யா! பாக்ஸர் கன்னியப்பன்யா இவுரு! மெட்ராஸ்ல டிக்கெட் கெடைக்காம மரத்து மேல ஏறிக் குந்திக்கினு பாத்தவன் நானு. நீ பொழச்சது அந்தப் பொண்ணாலதான்!”

ஏட்டு கெட்டவரில்லை. “எதுக்கும் டாக்டர் பாக்கட்டும்” என்று அவரே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் நைனாவின் வாயை முகர்ந்தார், கண்ணில் விளக்கடித்தார், கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், பிறகு ஒரு சீட்டில் இங்கிலீஷில் எழுதி ஏட்டிடம் நீட்டினார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, “தமிழ்லயும் எழுதுங்க சார்” என்றேன்.

“போலீசுக்கு இது போதும்மா.”

“ஊருக்கு, சார்.”

அவர் ஏட்டிடமிருந்து சீட்டைத் திரும்ப வாங்கி, அடியில் எழுதி என்னிடம் கொடுத்தார்: ‘இவர் குடிக்கவில்லை. தலையில் பல வருடங்களாகப் பட்ட அடியால் வந்த நோய்.’ இது தீராது, இன்னும் கூடத்தான் செய்யும், தனியாக எங்கேயும் விடாதே என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் நடவு வயலில், வரப்பின் மேல் நைனாவோடு நின்று, அந்தச் சீட்டைச் சத்தமாகப் படித்தேன். நாலு பேர் எதிரில் நான் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். சிரித்த பெண்களில் ஒருத்தி நாற்றுமுடியைக் கீழே போட்டுவிட்டு வந்து நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தெரியாமப் பேசிட்டோம் அண்ணே” என்றாள். நைனாவுக்கு என்ன ஏது என்று புரியவில்லை. ஆனாலும் சாம்பியன் சிரிக்கிற மாதிரி சிரித்தார்.

அந்த வருஷத்தோடு என் படிப்பு நின்றது; அதில் எனக்கு வருத்தமில்லை. நைனாவோடு வேலைக்குப் போனேன். வரப்பில் நான் முன்னால் நடந்து “லெஃப்ட்டு, ரைட்டு” என்று சொல்லிக்கொண்டே போனால், அந்தத் தாளத்துக்குக் கால் பின்னாமல் வருவார். கடைசிக் காலத்தில் என் பெயர் அவருக்கு மறந்துபோயிற்று. ‘கார்னரு’ என்று கூப்பிட்டார். சண்டைக்கு நடுவே மூலையில் நின்று தண்ணீர் கொடுத்துத் துடைத்துவிடுகிற ஆளுக்கு அதுதான் பெயராம். என் பெயரைவிட எனக்கு அது பிடித்திருந்தது.

வெள்ளிக் கோப்பை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சுவர் நோட்டீஸ் குடிசையோடு போயிற்று. சீட்டு நைனாவின் சட்டைப்பையிலேயே இருந்து வியர்வையில் ஊறி, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. ஆனால் போன மாசம் ஒரு கல்யாணத்தில், எங்கள் ஊர்ப் பையன்தான், “ஒங்க நைனா பெரிய பாக்ஸராமே ஆயா, குடிச்சிக் குடிச்சிக் கெட்டுட்டாராமே?” என்று கேட்டான். வழக்கம்போல என் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நைனா கோப்பை வாங்கியது எந்த வருஷம், எந்த மைதானத்தில், கடைசியாக ஜெயித்தது யாரை என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. பழைய நோட்டீஸ் வைத்திருக்கிறவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, தப்பு இருந்தால் திருத்த வேண்டும். அவர் குடிக்கவில்லை என்பதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை. அது டாக்டர் எழுதிக் கொடுத்து, ஊர் எதிரில் நான் படித்துக் காட்டிய சீட்டு.