ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்வோம்

தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில், மேற்குப் பக்கம் இறங்கும் படிக்கட்டுக்குச் சற்று முன்னால்தான் அந்த யோசனை எனக்கு வந்தது. வேலை விட்டு வரும் கூட்டம். அந்தத் தள்ளுமுள்ளில் மாப்பிள்ளை எதிரே வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்தவன். எங்கள் கூட்டத்தில் முதலில் கல்யாணம் செய்துகொண்டதால் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. மாதக்கணக்கில் பார்க்காதவனைப் பார்த்த சந்தோஷத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சுதுடா" என்றேன். "பாத்தேன் மச்சான், போட்டிருந்தியே" என்றான். "நான் வண்டி மாத்திட்டேன்" என்றான். "பாத்தேன்டா, லைக்கும் போட்டேனே" என்றேன். அதற்குமேல் இருவரிடமும் ஒன்றும் இல்லை. கம்பியில் சாய்ந்து நின்றோம். கீழே செங்கல்பட்டு வண்டி வந்து, ஆட்களைக் கொட்டிவிட்டு, ஆட்களை அள்ளிக்கொண்டு போயிற்று. உயிர் நண்பர்கள் என்று ஊர் சொல்லும் இரண்டு பேர், பேச ஒன்றுமில்லாமல் ரயிலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் யோசனைக்காரன். சேலையூர் ஏரியைச் சுற்றி ஓட ஒரு குழு ஆரம்பித்திருக்கிறேன், புறநகர் ரயில் நிலையங்களைப் பற்றி ஒலிப்பதிவு நிகழ்ச்சி ஒன்றும் ஆரம்பித்திருக்கிறேன். எதுவும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை. அன்று பாலத்திலேயே அவனிடம் சொன்னேன்: இனிமேல் நமக்குள் போனில் சேதி கிடையாது. நல்லதோ கெட்டதோ, வாயால் மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, முடிச்சூர் சாலை டீக்கடை. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னாடா, புச்சா கெளம்பிட்டியா? சரி, வந்து தொலைக்கிறேன்" என்றான்.

மூன்றாவது ஆளாக வாத்தியாரைச் சேர்த்துக்கொண்டோம். பள்ளிக்கரணையில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன், எங்களோடு படித்தவன்தான். எதையும் ஒழுங்குபடுத்தாமல் விடமாட்டான். "ஆளாளுக்குக் கத்தினா சந்தக்கடை ஆயிடும்" என்று மூன்று தலைப்பு போட்டுக் கொடுத்தான்: வீடு, வேலை, மற்றவை. ஒவ்வொருவனும் இந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும். ஒருவன் சொல்லும்போது மற்ற இருவரும் குறுக்கே பேசக் கூடாது. வார நடுவில் யாராவது ஏதாவது கேட்டு அனுப்பினால் பதில் ஒன்றே ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை சொல்றேன். ஆச்சரியம் என்னவென்றால், இது தாங்கியது. சேதியை வாரம் முழுக்க வாய்க்குள் அடக்கிவைத்துக்கொண்டு அலைவதில் ஒரு ருசி இருந்தது. அலுவலகத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்தபோது, அதைச் சொல்வதற்காகவே ஞாயிறு வராதா என்று கிடந்தேன்.

மாப்பிள்ளைக்கு மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. வீடு அனகாபுத்தூரில், ஆற்றுக்குப் பக்கத்துச் சந்து. அவன் சொன்னால் வெள்ளம்கூடச் சிரிப்பாகிவிடும். "வீடு. அடையாறு வந்துச்சு மச்சான், கட்டில் கால தொட்டுக் கும்பிட்டுட்டுப் போயிடுச்சு. பிரிட்ஜை டேபிள் மேல ஏத்திட்டோம். தயிர் எடுக்கணும்னா இப்ப ஏணி போட்டு ஏறணும்" என்பான். டீக்கடைக்காரரே கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முன்பாகவே கடைக்கு வந்து நின்றிருந்தான். முகத்தில் ஒரு களை. வீடு என்ற தலைப்பில் குழாய் ரிப்பேரைப் பற்றிச் சொன்னான். வேலையில் புது சூப்பர்வைசரைத் திட்டினான். கடைசியில், தன் மனைவியைச் சொல்லி, "மத்தது. உங்க தங்கச்சி முழுகாம கீறா" என்றான். நான் கத்தியதில் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் மட்டும், "டேய், அது வீடுங்கிற தலைப்புல வரணும்டா" என்று சண்டை போட்டான். "தெரியும்டா. முன்னாடியே சொல்லிட்டா அப்பால எவன் குழாய் மேட்டரக் கேப்பான்?" என்றான் மாப்பிள்ளை.

அதற்குச் சில மாதங்கள் கழித்து வந்த இன்னொரு ஞாயிறும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தூறல் விட்டிருந்தது. அன்று முதலில் வாத்தியார் சொன்னான். பள்ளிக்கூட வேனில் பாம்பு புகுந்த கதை. பிள்ளைகளை இறக்கிவிட்டு டிரைவர் வேன் கூரைமேல் ஏறிக்கொண்டாராம். மாப்பிள்ளை நன்றாகவே சிரித்தான், எந்தப் பாம்பு என்றுகூட விசாரித்தான். பிறகு நான். கோயம்புத்தூர் கிளைக்குப் போகலாமா வேண்டாமா என்று நீட்டி முழக்கினேன். "போடா, ஆனா ஞாயித்துக்கெழம ரயில்ல வந்துடு" என்றான். பிறகு அவன் முறை. டீயை பெஞ்சில் வைத்தான்.

"வீடு. கொழந்த தங்கல மச்சான். திங்கக்கெழம ஆசுபத்திரிக்குப் போனோம், புதன்கெழம வூட்டுக்கு வந்துட்டோம். அவ அவங்கம்மா வூட்ல கீறா. வேலை. லைன் மாத்திட்டாங்க, இப்ப பெயின்ட் ஷாப். மத்தது..." கொஞ்சம் யோசித்தான். "மத்தது ஒண்ணும் இல்ல."

யாரும் குறுக்கே பேசவில்லை. அது விதி என்பதால் அல்ல. கடையில் யாரோ வடை கேட்டார்கள். வாத்தியார்தான், "ஏன்டா ஒரு போன் பண்ணல?" என்றான். மாப்பிள்ளை அவனை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, குத்தல் இல்லை, கேள்வியே புரியாதவன் மாதிரி இருந்தான். "ஞாயித்துக்கெழம தானடா சொல்றது" என்றான்.

அன்று நான் அழுதிருந்தால் எழுதுவதற்கு ஏதாவது இருந்திருக்கும். வீட்டுக்குப் போனேன், அம்மா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டேன், கிரிக்கெட் பார்த்தேன், தூங்கினேன். நன்றாகத் தூக்கம் வந்தது. திங்கள், செவ்வாய், புதன் என்று அவன் ஒவ்வொரு நாளையும் எப்படிக் கடத்தியிருப்பான் என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். நினைப்பு ஓடவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது. விரலுக்கு உதடு தெரிகிறது, உதட்டுக்கு விரல் தெரியவில்லை. வாரத்துக்கொரு யோசனை சொல்கிறவனுக்கு அதன்பின் எந்த யோசனையும் வரவில்லை.

அவன் அப்புறமும் ஒன்றிரண்டு ஞாயிறு வந்தான். பிறகு "ஷிஃப்ட் மச்சான்" என்று ஒரு வரி வந்தது. பிறகு அதுவும் இல்லை. வாத்தியாரும் நானும் போனோம். தலைப்பு எதுவும் இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். போன் செய்தால் எடுப்பான். "நல்லா கீறேன்டா" என்பான். நான் "சரிடா" என்பேன். பாலத்தில் நின்ற மாதிரியேதான், ரயில் மட்டும் இல்லை. அவனுக்கு எங்கள் மேல் கோபம் என்று வாத்தியார் சொன்னான். நானும் அப்படித்தான் நம்பினேன். கோபம் என்றால் ஒருநாள் தணியும் என்று காத்திருந்தேன்.

போன வாரம் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் அவன் மனைவியைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் சிரித்தாள். மறைமலை நகரிலேயே வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டார்களாம். அதுகூட எனக்குத் தெரியாது.

"மாப்பிள்ளைக்கு எங்க மேல கோவமாம்மா?" என்றேன்.

"கோவமா? இன்னாண்ணா நீங்க!" என்றாள். "ஞாயித்துக்கெழம ஆனா காலைலயே குளிச்சு, சட்டை போட்டுக்கினு சேர்ல உக்காந்துனு கீறாரு. போய்ட்டு வாயேன்னா, போய் இன்னா சொல்றது, ஒரு சேதியும் இல்லியேன்றாரு. அவங்க ரெண்டு பேரும் எதுனா சொல்லுவாங்க, என் முறை வந்தா நான் இன்னா சொல்லுவேன்னு கேக்கறாரு. அப்பால மத்தியானம் சட்டையக் கழட்டி மாட்டிடறாரு."

அவளே தொடர்ந்தாள். "புது வூட்ல கொசு தூக்கிக்கினு போவுதுண்ணா. ஜன்னலுக்கு வலை வாங்கி வச்சு எத்தினி நாளாவுது. ஒருத்தரா அடிச்சா ஒரு பக்கம் இழுத்துக்குதாம். அப்படியே சுருட்டி வச்சுட்டாரு." தக்காளிப் பையைக் கை மாற்றிக்கொண்டு, "வியாழக்கெழமயும் அவருக்கு ஆஃப்" என்றாள்.

நாளை வியாழன். விடுப்பு சொல்லிவிட்டேன். கோயம்புத்தூர் விஷயம் என்ன ஆயிற்று என்று அவனிடம் சொல்லப்போவதில்லை. வீடு எப்படி, வேலை எப்படி என்று கேட்கப்போவதும் இல்லை. சேதி இல்லாமல் ஒருவன் வீட்டுக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை; அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியுமா என்பதே தெரியாது. ஆணி அடிக்கவும் தெரியாது. அதை அவன் அடித்துக்கொள்வான். வலையின் இன்னொரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவன் அடித்து முடிக்கிறவரை நின்று பார்க்கப்போகிறேன்.