மூன்று ராலி வண்டிகளும் திருநின்றவூர் ரோட்டு மேடுகளும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்ற காரிலிருந்து ஒரு பெண் இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். காலை எட்டே முக்கால். கதவு திறந்திருந்தது. ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டார். இன்னொரு கால் வரவில்லை. ஓட்டிவந்த கணவர் இளங்கோ ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரேவதி, மெதுவா, மெதுவா."

"மெதுவாவா? அதை அந்த மேட்டுக்கு முன்னாடி நினைச்சிருக்கணும்" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் பின்சீட்டில் இருந்தேன். என் சட்டைப் பையில் ஒரு நோட்டு இருந்தது. அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்த வேகத்தடை மேடு அந்த நோட்டில் எழுதியிருந்தது. எழுதியவன் நான்.

பழைய கார் பார்த்துச் சொல்லும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. நான் இந்த வேலைக்கு வந்த வழி

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. ஆவடியில் பஞ்சர் கடை, எஸ்டேட்டில் லேத் பட்டறை, நாக்பூர் லாரியில் கிளீனர் என்று போனது. லேத்தில் இடது கை மோதிர விரலின் நுனி போனது. லாரியில் போன வருடங்களில் எனக்கு விலாசம் கிடையாது. எந்த இடத்திலும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. தகராறு வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், வராவிட்டாலும் கிளம்பிவிடுவேன்.

நடுவில் ஒரு கார் பந்தய ராலி டீமில் மெக்கானிக்காக இருந்தேன். ராலியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்காருவார், நேவிகேட்டர். முந்தின நாளே மெதுவாகப் போய் ரோட்டை நோட்டில் எழுதிவைத்து, மறுநாள் வேகத்தில் போகும்போது வாசித்துக்கொண்டே வருவார். 'நூறு, இடது வளைவு, கடைசியில் கல்' என்று. எண் என்றால் மீட்டர். டிரைவர் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்டுவிடுவார். ஒரு முறை எங்கள் நேவிகேட்டருக்குக் காய்ச்சல் வந்தது. என்னை உட்கார வைத்தார்கள். பாடப் புத்தகம் எனக்கு ஏறவில்லை. ரோட்டை எழுத மட்டும் உடனே வந்துவிட்டது. அந்த சீசன் முழுக்க உட்கார்ந்தேன்.

இப்போது நசரத்பேட்டையில் ரஹீம் பாயின் பழைய கார் யார்டில் இருக்கிறேன். வருகிற வண்டியைப் பார்த்து, ஓட்டி, நல்லது கெட்டது சொல்வது என் வேலை. சேர்ந்த முதல் நாளே பாய் ஒரு சட்டம் சொன்னார்.

"கஸ்டமர் ஓட்டசொல்ல நீ பின்னாடி குந்திகினு வர்ற. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. வண்டி பேசட்டும் நைனா. நீ பேசினா, ஏதோ மறைக்கிறான்னு நெனைப்பான்."

அனுபவத்தில் வந்த சட்டம்தான். நானும் மறுபேச்சில்லாமல் கடைப்பிடித்தேன்.

2. ஒரே உடம்பு, மூன்று வண்டி

ஜப்பான் கம்பெனி ஒன்று ராலிக்காகவே ஒரு செடான் செய்தது. சாதாரண ஜனங்களுக்கு விற்கிற வண்டிதான் ராலியில் ஓடவேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. அதனால் வெளியேயும் விற்றது. நாலு சக்கரமும் இழுக்கும், டர்போ எஞ்சின். இவற்றை வாங்கிச் சேர்த்துவைத்திருந்த ஒருவர் வெளிநாட்டுக்குக் குடிபோனதால் அதில் மூன்று வகை ஒரே வாரத்தில் பாயிடம் வந்து நின்றன.

முதலாவதற்கு நாங்கள் வைத்த பெயர் 'மொட்டை'. ஏசி இல்லை, கண்ணாடியைக் கையால் சுற்றவேண்டும், எடை குறைவு. ராலிக்காரர் வாங்கி, தனக்கு வேண்டியதை மாட்டிக்கொள்வதற்கென்று வந்தது. கியர்கள் நெருக்கமாக இருக்கும். வேகம் முப்பதைத் தொடுவதற்குள் இரண்டு முறை மாற்றவேண்டும். பதினேழு இஞ்ச் இரும்புச் சக்கரம், தடித்த டயர்.

இரண்டாவது 'ஆறு கியர்'. ஏசி, பாட்டு எல்லாம் உண்டு. ஸ்பிரிங் கெட்டி. பதினெட்டு இஞ்ச் சக்கரத்தில் டயர் தோசை மாதிரி மெலிந்திருக்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே ரோட்டில் கிடக்கும் தீக்குச்சி தெரியும். கிளட்ச் கனம்.

மூன்றாவது 'ஆட்டோ'. அதே எஞ்சின், கிளட்ச் பெடல் இல்லை, கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். ஷாக் அப்சார்பர் கொஞ்சம் இளக்கம், சக்கரமும் டயரும் ஆறு கியரில் இருப்பவைதான். ராலிக்காரர்கள் இதைக் கேலி செய்வார்கள்.

இளங்கோ ஐடி வேலையில் இருப்பவர், விருதுநகர்ப் பக்கம். காலேஜ் நாளிலிருந்து இந்தக் காரின் படத்தை ஹாஸ்டல் சுவரில் ஒட்டிவைத்திருந்தவர். திருநின்றவூரில் ஏரிக்குப் பக்கத்து ஃபிளாட். மனைவி ரேவதிக்கு எஸ்டேட்டில் வேலை. நெரிசலில் நின்றபடி ரயிலில் போய்வந்ததில் முதுகில் டிஸ்க் நகர்ந்து மூன்று மாதம் படுக்கை. அடுத்த மாதத்திலிருந்து தினமும் ஆபீஸுக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் எடுப்போம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு அடி பட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ரேவதி யார்டுக்கே வந்து நிபந்தனை போட்டார்.

"அண்ணே, இவருக்கு ஆசை. எனக்கு முதுகு. இந்த மூணுல ஏதாவது ஒண்ணுக்கு என் முதுகு சரின்னு சொன்னா வாங்கிக்கட்டும். இல்லைன்னா, சாதுவா ஒரு வண்டி வாங்கிட்டு அந்தப் படத்தை மறுபடி சுவத்துல ஒட்டிக்கட்டும்."

"முதுகு எந்தக் காலத்துல சரின்னு சொல்லியிருக்கு?" என்றார் இளங்கோ.

"உங்ககூட பைக்ல வந்த அப்புறம்தான் அது பேசுறதையே நிறுத்திச்சு."

பாய் சிரித்துவிட்டு என்னைக் கைகாட்டினார். "மணி ஓட்டிப் பாத்து சொல்லுவாரும்மா. இந்த ரோட்டுல அவருக்குத் தெரியாத பள்ளம் கெடையாது."

3. நான் ஓட்டினேன், பிறகு அவர் ஓட்டினார்

மூன்று நாள், மூன்று வண்டி, ஒரே நேரம், ஒரே வழி. திருநின்றவூர் ஃபிளாட்டிலிருந்து பட்டாபிராம், ஆவடி வழியாக எஸ்டேட் வரை. பழைய பழக்கத்தில் ராலி நோட்டு மாதிரியே எழுதினேன். 'ஏரிக்கரைத் திருப்பம், நாற்பது, மேடு, இரண்டாம் கியர்.' 'எஸ்டேட் உள்ரோடு, டீக்கடை, முப்பது, மேடு, பெயின்ட் இல்லை, உயரம்.' எத்தனை முறை கிளட்ச் மிதித்தேன் என்பதற்கும் கோடு போட்டேன். மொட்டையில் கோடுகள் பக்கத்தின் ஓரம் வரை வந்துவிட்டன.

என் முடிவு, ஆறு கியர். கெட்டி ஸ்பிரிங்காக இருந்தாலும் மேட்டுக்கு முன்னால் வேகத்தை விட்டு, உருட்டி ஏற்றி இறக்கினால் தொட்டில் மாதிரி வந்தது. ஆட்டோ, நெரிசலில் ஊர்ந்து போகும்போது லேசாக உதறியது. இளங்கோவுக்கு வாயெல்லாம் பல். அவருக்கும் ஆறு கியர்தான் வேண்டியிருந்தது.

நான் செய்த தப்பு உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். வண்டியை ஒப்பிடுவதாக நினைத்து என் கையையும் காலையும் சேர்த்து மார்க் போட்டுவிட்டேன். பக்கத்து சீட்டு மூன்று நாளும் காலி.

முதலில் சொன்ன அந்தக் காலையில் ஆறு கியரை இளங்கோ ஓட்டினார், ரேவதி பக்கத்தில், நான் பின்னால். எஸ்டேட் வரை ஒழுங்காகத்தான் வந்தார். உள்ரோட்டில் முன்னால் போன லாரி விலகியதும் எதிரே காலி ரோடு. டர்போவின் சத்தத்தைக் கேட்க ஒரு முறை அழுத்தினார். டீக்கடை தெரிந்தது. முப்பது மீட்டரில் மேடு, பெயின்ட் இல்லை. எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் வந்துவிட்டது. கஸ்டமர் ஓட்டுகிறார், பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ராலி வண்டி, அதற்கு அது ஒரு மேடே இல்லை.

ஸ்கேனில் டிஸ்க் மேலும் நகரவில்லை என்று தெரிந்தது, தசை பிடித்திருந்தது. பத்து நாள் படுக்கை. ஆபீஸுக்குப் போகவேண்டிய தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

4. நோட்டை அவர் வாசித்தார்

பாய் திட்டவில்லை. "இன்னா மணி, ஒரு மேடுன்னு சொல்லக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்கதான் பாய் வாயத் தொறக்காதன்னீங்க."

"நான் வண்டியப் பத்தி பேசாதன்னேன்யா. ரோட்டப் பத்தி எப்ப சொன்னேன்?"

அன்று யார்டின் பின்னறையில் என் பையைக் கட்டினேன். அரக்கோணத்தில் ஒரு லாரி ஷெட்டில் ஆள் கேட்டிருந்தார்கள். ரயில் ஏறியும் விட்டேன். திருநின்றவூர் வந்ததும் இறங்கினேன். ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் இல்லை. இவ்வளவு காலமும் நான் விட்டுவிட்டு ஓடியது முதலாளிகளை. படுத்துக்கிடக்கும் ஒருவரை விட்டுவிட்டு ஓடியதில்லை.

கதவைத் திறந்த இளங்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரேவதி கட்டிலில் படுத்தபடியே, "உள்ள வாங்கண்ணே. பையோட வந்திருக்கீங்க, இங்கயே தங்கப் போறீங்களா?" என்றார்.

நோட்டை அவரிடம் கொடுத்து, அந்தப் பக்கத்தைக் காட்டி, தெரிந்தும் சொல்லவில்லை என்று சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தோடு நிற்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் கழித்துக் கேட்டார்.

"ராலியில இதை யாரு வாசிப்பா?"

"பக்கத்து சீட்டுக்காரர்."

"குலுங்கும்போது அவருக்கு வலிக்காதா?"

யோசித்துப் பார்த்தேன். நான் உட்கார்ந்த சீசனில் எவ்வளவோ குலுங்கியிருக்கிறோம். உடம்பு வலித்திருக்கிறது, ஆனால் சுளுக்கிக்கொண்டதில்லை. அடுத்தது என்ன வரும் என்று வாசிக்கிறவனுக்குத் தெரியும். உடம்பு தயாராகிவிடும். அதைச் சொன்னேன்.

"அப்ப நான் வாசிக்கிறேன். இவருக்கும் காது கேக்குதான்னு பாத்த மாதிரி இருக்கும்."

"எனக்கு நல்லாக் கேக்கும்" என்றார் இளங்கோ. அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் காபி கொண்டுவந்து வைத்தார்.

5. மொட்டையின் சக்கரம்

டாக்டர் இடுப்புப் பெல்ட்டோடு காரில் போகலாம் என்றதும் மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை ஓட்டியது இளங்கோ, வாசித்தது ரேவதி, வேகம் முப்பதுக்கு மேல் போகக் கூடாது. ஃபிளாட்டிலிருந்து பட்டாபிராம் வரைக்கும் மட்டும்.

மொட்டை ஏரிக்கரையிலேயே தோற்றது. "கியர் மாத்துறாரா, மாவு ஆட்டுறாரா?" என்று கேட்டு ரேவதி இறங்கிவிட்டார். ஆறு கியரில் மேடுகள் பிரச்சினை இல்லை. வாசித்ததும் இளங்கோ வேகத்தை விட்டார். ஆனால் நெரிசலில் கனமான கிளட்சை விட்டுவிட்டுப் பிடிக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன உதை. நான் ஓட்டியபோது அந்தக் கோடுகளை என் காலின் சிரமம் என்று எண்ணினேன். பக்கத்தில் இருப்பவருக்கு அவை ஒவ்வொன்றும் முதுகில் ஒரு தட்டு.

ஆட்டோ பரவாயில்லை. ஆனால் மெல்லிய டயர் சின்னப் பள்ளங்களையெல்லாம் அப்படியே மேலே அனுப்பியது. "முக்கால் கிணறு தாண்டியாச்சு" என்றார் ரேவதி.

யார்டுக்கு வந்ததும் மொட்டையின் நாலு சக்கரத்தையும் கழற்றினேன். ஆட்டோவில் மாட்டி, பிரேக்கைக் கவ்வும் காலிப்பரில் இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்தேன். விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. தடித்த டயர், காற்றும் அளவோடு.

பாய் ஓடிவந்தார். "அடப்பாவி! மொட்டைய செங்கல்லு மேல நிக்க வெக்கப் போறியா?"

"அத வாங்குற ராலிக்காரன் தன் சக்கரத்த எடுத்துகினு வருவான் பாய்."

"அழகான அலாய் வீலு. அதக் கழட்டிட்டு, மாட்டு வண்டி மாதிரி கீது."

ஆபீஸுக்குப் போகவேண்டிய அந்தத் திங்கட்கிழமை காலை மாட்டு வண்டி திருநின்றவூரிலிருந்து கிளம்பியது. நான் பின்சீட்டில். ரேவதி மடியில் நோட்டு.

"நாப்பது, மேடு."

"மேடு" என்று இளங்கோ திருப்பிச் சொன்னார்.

"இருபது, பள்ளம், வலது சக்கரம்."

"பள்ளம். வலது."

ஆவடியில் ஆட்டோ ரிக்‌ஷாக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், அம்மா பாடம் நடத்துறாங்களா?" என்றார். இளங்கோ தலையை ஆட்டினார். எஸ்டேட் உள்ரோட்டில் டீக்கடை வந்தது. காலி ரோடு. அவர் கால் அழுத்தவில்லை. "முப்பது, மேடு, பெயின்ட் இல்லை, உயரம்" என்று நானும் ரேவதியும் ஒரே நேரத்தில் சொன்னோம். வண்டி ஏறி இறங்கியது எனக்கே சரியாகத் தெரியவில்லை.

கேட்டுக்கு எதிரே நின்றோம். இளங்கோ இறங்கி ஓடிவருவதற்குள் ரேவதி இரண்டு காலையும் வெளியே வைத்து, கதவைப் பிடித்து எழுந்து நின்றார். முதுகு சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். சாயங்காலம் வலித்ததாக அவரே சொன்னார். ஆனால் அன்று வேலைக்குப் போனார், மறுநாளும் போனார்.

"நாளைக்கு நீங்க வரவேண்டாம்ணே. நோட்டை மட்டும் குடுத்துருங்க" என்றார். கொடுத்துவிட்டேன். அந்த மாட்டு வண்டியையே இளங்கோ வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து போன் வந்தது. "பட்டாபிராம்ல புதுசா ஒரு மேடு போட்டிருக்காங்க. இவர் காலேஜ் பையன் மாதிரி வந்தாரு, நான்தான் கத்தி நிறுத்தினேன். உங்க நோட்டுல எழுதிட்டேன்."

இதிலிருந்து நான் கற்றது இரண்டு. எந்த வகை நல்லது என்று யார் கேட்டாலும், பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று முதலில் கேட்கிறேன். அந்த ஆள் வராமல் டெஸ்டுக்குப் போவதில்லை. இரண்டாவது, கஸ்டமர் ஓட்டும்போது வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். மேடு வந்தால் "மேடு" என்று கத்துவேன்.