வேறு யாரும் சொல்லாத புகார்

முதல் தடவை அது நடந்தது சின்னமனூர் தாண்டி, ரோட்டின் இரண்டு பக்கமும் தென்னை நிற்கிற இடத்தில். முன்னால் வண்டி இல்லை, ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை. ஓலை நிழல்தான் ரோட்டில் கிடந்தது. காருக்குள் கீச்சென்று ஒரு சத்தம், எனக்கு எதிரே சிவப்பாக ஒரு விளக்கு. என்னவென்று பார்ப்பதற்குள் கார் தானாகவே பிரேக் போட்டு நின்றுவிட்டது. என் கால் பிரேக் பக்கமே போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் பெல்ட்டோடு முன்னால் போய், திரும்பி வந்து சீட்டில் மோதினார். "மாதாவே!" என்று சத்தம் போட்டார்.

அவர் திராட்சை விவசாயி. அதற்கு முந்தைய வருஷம் தோட்டத்திலிருந்து பைக்கில் வரும்போது, வாழைத்தார் ஏற்றிய மினி லாரி ஒன்று பின்னால் வந்து இடித்துவிட்டது. மதுரையில் முதுகெலும்பில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். இடது காலில் பலம் திரும்பவில்லை. பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் கால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்தப் பயிற்சிக்குத் தேனிக்குப் போக வேண்டும். அவரால் பஸ் படி ஏற முடியாது. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நான் அதற்காகத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

எத்தனையோ கார் இருக்க அந்தக் காரை ஏன் எடுத்தோம் என்பதற்கும் அந்த லாரிதான் காரணம். ஷோரூமில் விற்பனையாளர், "இது கேமரா வச்ச வண்டி அக்கா. குறுக்க எது வந்தாலும் நீங்க மிதிக்காட்டியும் அதுவே பிரேக் போட்டுரும்" என்றார். என் கணவர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அந்தக் காரின் முன்கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த லாரில இது இருந்திருந்தா நான் இன்னைக்கு நடந்துக்கிட்டு இருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் வேறு எந்தக் காரையும் பார்க்கவில்லை.

இரண்டாவது தடவை உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் நடந்தது. பின்னால் வந்த லாரி இடிக்காமல் நின்றது ஆண்டவர் புண்ணியம். டிரைவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஏம்மா, நடுரோட்டுல இப்பிடி நிப்பாட்டுனா நாங்க என்ன செய்ய? ஓட்டத் தெரியலைன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதான?"

"நான் நிப்பாட்டலைங்க, வண்டியே நின்னுருச்சு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அது எனக்கு வலிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் கணவர் மெதுவாகக் கேட்டார்: "ஏத்தா, பயத்துல நீயே மிதிச்சுட்டியா?" அதுதான் வலித்தது.

தேனி சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். "எர்ரர் ஒண்ணும் காட்டலை மேடம்" என்றார்கள். கேமரா இருக்கும் இடத்தைத் துடைத்தார்கள். ஒருவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆண்டிப்பட்டி ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி போய் வந்தது வண்டி. ஒரு தடவையாவது பிரேக் போட்டுத் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது அவர், "புது வண்டி, பெடல் பழக கொஞ்ச நாளாகும் மேடம்" என்றார். ரொம்பப் பயமாக இருந்தால் அந்த வசதியை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று திரையில் தொட்டுக் காட்டினார்.

அணைத்தேன். சில நாள் நிம்மதியாகப் போய் வந்தோம். ஒருநாள் வீரபாண்டிக்கு முன்னால் பெட்ரோல் போட நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் செய்து கிளம்பினோம். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. அதே கீச், அதே சிவப்பு விளக்கு, அதே குலுக்கல். வண்டியை ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த வசதி தானாகவே உயிர் பெற்றுவிடும் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை; அத்தனை நாளும் தப்பித்தது அதிர்ஷ்டம்தான். இந்தத் தடவை என் கணவர் சத்தம் போடவில்லை. வாயைத் திறந்தபடி, மூச்சை இழுக்க முடியாமல், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். ரோட்டோரம் நிறுத்திவிட்டு நான்தான் கத்தினேன்.

மதுரையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கம்பி நகரவில்லை என்றார்கள். ஆனால் அவர் மனசு நகர்ந்துவிட்டது. "இனிமே அந்த வண்டில ஏற மாட்டேன். என்னைய விட்ரு" என்றார். நான் அழுதேன், கெஞ்சினேன், ஒருநாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டும் கேட்டேன். "நீ ஓட்டுற வண்டில" என்று அவர் சொல்லவில்லை. சொன்ன மாதிரியேதான் எனக்குக் கேட்டது.

தேனிக்குப் போவது நின்றுபோனது. வீட்டிலேயே தெரிந்த மட்டும் காலை மடக்கி நீட்டிவிட்டேன். கம்பெனி நம்பருக்குத் தினமும் பேசினேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பெண் அன்பாகக் கேட்டுக்கொள்வாள். மறுநாள் போனில், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று செய்தி வரும்.

ஒரு சனிக்கிழமை நேராக ஷோரூமுக்குப் போனேன். மேனேஜர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

"மேடம், இதே வண்டி எத்தனையோ பேருக்குக் குடுத்திருக்கோம். உங்களத் தவிர வேற யாரும் இப்படி ஒரு கம்ப்ளைண்ட் சொல்லலை."

"அப்ப நான் பொய் சொல்றேனா? வீட்டுல ஒரு மனுசன் எந்திரிக்க முடியாம கெடக்காக. இதுக்கு ஒரு வழி சொல்லாம நான் இங்கனயே உக்காந்திருப்பேன்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை.

அப்போது பின்னால் சோபாவில் காத்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். குமுளிப் பக்கத்து ஏலக்காய் வியாபாரி. மலையாளம் கலந்த தமிழ்.

"சேச்சி, உங்க வண்டியும் சும்மாவே பிரேக் பிடிக்குதா? என் வண்டியும் அதேதான். கம்பம் ஊர்கிட்ட வச்சு ரெண்டு தடவை என்னைக் கொல்லப் பார்த்துச்சு." பிறகு மேனேஜரைப் பார்த்தார். "போன மாசம் என்கிட்டயும் இதைத்தானே சார் சொன்னீங்க, வேற யாரும் சொல்லலைன்னு?"

மேனேஜர் கையிலிருந்த போனைப் பார்த்தார். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். முன்பின் தெரியாத அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"அப்ப நீ மிதிக்கல" என்றார்.

"மிதிக்கல."

"சரித்தா" என்றார். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பிப் படுக்க முயன்றார். நான் இடுப்பைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து இன்ஜினியர் வந்து கேமராவை மாற்றினார். எங்கள் வண்டிக்கும் மாற்றினார், அந்த வியாபாரி வண்டிக்கும் மாற்றினார். இனி வராது என்றார். நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். நல்லவேளை தனியாகப் போனேன். கோகிலாபுரம் பக்கம், எதிரே டிராக்டர் அதன் பாட்டுக்கு ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தபோது, மறுபடியும் அதே மாதிரி நின்றது. புகார் சொன்னதற்கு, வாகனம் வடிவமைக்கப்பட்டபடியே இயங்குகிறது என்று ஒரு வரியில் பதில் வந்தது. வியாபாரிக்கும் அதே வரி வந்ததாகப் போன் செய்து சொன்னார். நுகர்வோர் கோர்ட்டுக்குச் சேர்ந்து போவோம் என்றார். போயிருக்கிறோம். அது எப்போது முடியும் என்று வக்கீலுக்கும் தெரியவில்லை.

கார் உறை போட்டு நிற்கிறது. பக்கத்துத் தெருவில் ஒருவர் பழைய வேன் வைத்திருக்கிறார். எந்த வசதியும் இல்லாத வண்டி. பின் சீட்டில் தலையணை அடுக்கி, அவரைச் சாய்த்து வைத்து, மறுபடி தேனிக்குக் கூட்டிப் போனேன். காலைத் தொட்டுப் பார்த்ததுமே பயிற்சி கொடுப்பவரின் முகம் மாறிவிட்டது.

"ஏன் இத்தனை நாள் விட்டீங்க? தசையெல்லாம் இறுகிப் போச்சு. முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

கார் கதையை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், என் கணவரைக் கட்டிலில் நேராக உட்காரவைத்தேன். இடது பாதத்தைத் தூக்கச் சொன்னார். என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முயன்றார். பாதம் அசையவில்லை.

"இன்னொரு தடவை" என்றார் பயிற்சி கொடுப்பவர்.

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் முயன்றார்.