சத்தம் கூடிய தாலாட்டு

கணினித் திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் சிவப்புக் கோடு துள்ளாவிட்டால் எங்கள் முதலாளிக்கு அது பாட்டே இல்லை. ஹட்டன் கடைத்தெருவில் பாட்டுப் பதிவு செய்யும் அவருடைய கடையில் நான் வேலை பார்த்தேன். நல்லதண்ணி ஊருக்குப் போகும் பஸ்ஸில் பாட்டுகள் வரிசையாக ஓடும்போது, சத்தம் குறைந்த பாட்டு சப்பென்று கேட்கும். டிரைவர் அடுத்ததற்குத் தாவிவிடுவார். “நம்ம பாட்டு அமுங்கிப் போயிறக் கூடாது தம்பி” என்பார் முதலாளி. எல்லாக் கடைக்காரர்களும் இதையே நினைத்ததால், வருடத்துக்கு வருடம் பாட்டுகள் கத்தத் தொடங்கின. பதிவில் சத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்ட முடியாது என்பதால் உச்சத்தை அமுக்கி, மெல்லிய இடங்களை அதன் பக்கத்துக்குத் தூக்கிவிடுவோம். முணுமுணுப்பும் கூப்பாடும் ஒரே உயரத்தில் நிற்கும்.

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர் வந்தார். மறுநாள் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகிறார். தன் தாலாட்டு இல்லாமல் இப்போதுதான் நடை பழகும் மகள் தூங்கமாட்டாள், அதைப் பதிந்து கணவரின் போனில் போட்டுத் தாருங்கள் என்றார். பழக்கதோஷத்தில் முதலாளி அதையும் பஸ் பாட்டுபோலவே சத்தம் ஏற்றிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை, கொட்டும் மழையில் அக்கா கணவரோடும் பிள்ளையோடும் வந்து நின்றார்.

“போட்டதும் புள்ள வீல்னு கத்துதுங்க. சத்தத்தக் கொறச்சாலும் தூரத்துல நின்னு ஏசுற மாதிரியே இருக்கு. எம்புள்ளய நான் ஏசுனதே இல்லீங்க.”

சத்தம் ஏற்றாத முதல் பதிவைத் தேடினேன். முதலாளி ஏற்றியதை அதன் மேலேயே சேமித்து அதை அழித்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அதற்குள் அக்காவை ஏற்றிப்போகும் கொழும்பு வேன் வாசலில் ஹார்ன் அடித்தது.

“இன்னொரு தடவ பாடுங்க தங்கச்சி,” என்றார் முதலாளி, தலையைத் தூக்காமல்.

அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே பாடினார். அழுதழுது குரல் கம்மியிருந்தது. சில இடங்களில் வெறும் மூச்சுதான். திரையில் கோடு தரையை விட்டு எழும்பவே இல்லை. முதலாளியின் கை தானாகச் சத்தம் கூட்டும் குமிழுக்குப் போயிற்று. முறைத்தேன். கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். கடைசி வரிக்குள் பிள்ளை தூங்கிவிட்டாள். எழுப்பாமல் கணவர் கைக்கு மாற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினார் அக்கா.

இப்போது போனில் பாட்டுப் போடும் செயலிகள் பல, கத்தும் பாட்டின் சத்தத்தைத் தாங்களே குறைத்துவிடுகின்றன. கத்தி ஒரு பயனும் இல்லை என்கிறேன். முதலாளி இன்னும் நம்பவில்லை.

அன்று மழை விடட்டும் என்று கணவர் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். பிள்ளை விழித்து உதட்டைப் பிதுக்கினாள். புதிய பதிவைப் போட்டேன். அவள் அழவில்லை. மடியிலிருந்து இறங்கி, தத்தித் தத்தி நடந்து, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள்.