நோர்வேயிலிருந்து வந்த காய்ச்சல்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டென்மார்க்கின் கோல்டிங்கில் என் நண்பனுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: நண்பன், அவனுடைய அம்மா, அவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண், நான். அவனுடைய அப்பா இல்லை; இறைச்சித் தொழிற்சாலையில் அவருக்கு அந்த வார இறுதி வேலை. அவனுடைய அண்ணனும் இல்லை. வன்னியில் இடம்பெயர்ந்து இருந்தபோது, நண்பன் பிறப்பதற்கு முன்பே, ஆறு வயதில் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டான். குளிசை மருந்து தேடிச் சைக்கிளில் போன தகப்பன் திரும்பி வர இரண்டு நாள் பிந்திவிட்டது. அவனுடைய அம்மாவை நான் அன்ரி என்றுதான் கூப்பிடுவேன்; அவ அதைப் பற்றிக் கதைப்பதேயில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, "என்ர ரெண்டு பிள்ளையளும்" என்றுதான் சொல்லுவா.

நானும் நண்பனும் ஆப்பிரிக்காவின் மலாவியிலிருந்து வந்து இறங்கி இரண்டாம் நாள் அது. மேசையில் இருந்த மற்ற இரண்டு பேரும், நாங்கள் நோர்வேயில் மூன்று கிழமைப் பயிற்சி முடித்துவிட்டு வந்திருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"நோர்வேக்குப் போனவன் கறுத்தெல்லோ வந்திருக்கிறான்," என்றா அன்ரி, அவனுடைய தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டபடி.

"பனியில வெயில் பட்டுத் தெறிச்சால் கறுக்கும் அம்மா. சும்மா வெயிலை விட மோசம்."

"எனக்கும் ஒருக்கால் அந்தப் பனியைக் காட்டுங்கோவன்," என்றாள் அந்தப் பெண். "மூண்டு கிழமையில ஒரு படம்கூட ஒழுங்கா அனுப்பேல்லை. அங்க ஆரும் வெள்ளைக்காரியைப் பிடிச்சிட்டியளோ?"

எல்லாரும் சிரித்தோம். குளியலறையில் சலவை இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பயணம் போய்வந்த பிள்ளை சப்பாத்தைக் கழற்ற முன்னரே அன்ரி அவனுடைய பையைத் திறந்து, இருக்கிற எல்லாவற்றையும் உதறிப் பார்த்து இயந்திரத்துக்குள் போடுவது அந்த வீட்டின் வழக்கம். அவனுக்கு இருபத்தெட்டு வயது, தாதியாக வேலை செய்கிறவன். ஆனாலும் அவனுடைய பையில் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு முன் அன்ரிக்குத் தெரியும்.

அந்த வழக்கத்துக்குப் பயந்துதான் அவன் கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் அந்தக் காரியத்தைச் செய்தான். பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வருகிற வழியில் நின்று, மலேரியாத் தடுப்புக் குளிசைப் பெட்டியை எடுத்து, குப்பைத் தொட்டிக்குள் போட்டான்.

"டேய், இன்னும் ஏழு நாளைக்கு எடுக்கவேணும்," என்றேன்.

"அம்மா பெட்டியை வாசிச்சால் என்ன சொல்லுறது? நோர்வேயில நுளம்பு கூடவெண்டோ?"

"பெட்டியை எறி. குளிசையை வேற ஏதாவது போத்தலுக்குள்ள போடு."

"அவ போத்தலையும் மணந்து பாப்பா. விடு மச்சான். கடிச்ச நுளம்பெல்லாம் அங்கேயே நிண்டிட்டுது."

அதன்பிறகு அவன் கடையில் நோர்வேக்காரருடைய பழுப்புநிறப் பாலாடைக்கட்டி ஒன்றை வாங்கினான், அத்தாட்சிக்கு. நான் வடக்கே ஓல்போர்க் நகரத்தில் தனியாக இருக்கிறவன். என் பையை யாரும் திறப்பதில்லை. என்னுடைய குளிசைகளை நான் ஏழு நாளும் ஒழுங்காக எடுத்தேன். என்னிடம் மிச்சக் குளிசைகள் சிலவும் இருந்தன. அவற்றை அவனுக்குக் கொடுத்திருக்கலாம் என்பது அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை.

ஏன் பொய் சொன்னோம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆப்பிரிக்கா, காய்ச்சல் என்ற இரண்டு சொல்லையும் ஒன்றாகக் கேட்டால் அன்ரி நித்திரை கொள்ளமாட்டா. அவன்தான் போகவேண்டும் என்று நின்றான். அண்ணனைப் பற்றி அவன் பகிடியாகத்தான் கதைப்பான். "எனக்கு முதல் வந்தவர் எனக்கு ஒரு வேலை வைச்சிட்டுப் போட்டார்," என்பான். எனக்கு வேறு காரணம். என் அப்பா இரண்டாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவர், அம்மா பள்ளிக்கூடப் படி மிதிக்காதவ. எங்கள் வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் ஒன்பது வயதிலிருந்தே நான்தான் வாசித்துச் சொன்னேன். டொக்டராக வந்தபின், இந்தப் படிப்பு எங்காவது உண்மையில் தேவைப்படுகிற இடத்தில் ஒருமுறையாவது நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் வீட்டுக்கும் நோர்வே என்றே சொன்னேன். கோல்டிங்கில் ஒருவர் தும்மினால் ஓல்போர்க்கில் "நூறு" என்று சொல்கிற சனம் நாங்கள்.

மலாவியில் நாங்கள் தொண்டு வேலைக்குப் போன சிகிச்சை நிலையம் மூன்று அறையும் ஒரு தகரக் கூரையும். மழைக்காலம். விடிய ஆறு மணிக்கே தாய்மார் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு சேற்று வழியில் வந்து இருந்துவிடுவார்கள். முன்னூறு பேர் வந்தாலும் மருத்துவம் பார்க்க நாலு பேர்தான். அதனால் அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். வாசலில் ஒருவர் நின்று, காய்ச்சல் தொடங்கி எத்தனையாம் நாள் என்று தாயிடம் கேட்டு, ஒரு துண்டுப் பிளாஸ்டரில் அந்த எண்ணை எழுதிப் பிள்ளையின் சட்டையில் ஒட்டுவார். ஒன்று என்றால் வரிசையில் இருக்கலாம். இரண்டு என்றால் நிழலுக்கு வரவேண்டும். மூன்று என்றால் யாரையும் தாண்டி உள்ளே தூக்கிக்கொண்டு போகவேண்டும். என் நண்பன் அந்த வேலையை முதல் நாளே பிடித்துக்கொண்டான். பேனையைக் காதில் செருகிக்கொண்டு, அவர்களுடைய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லப் பழகி, கலியாண வீட்டில் பந்தி பார்க்கிறவன் மாதிரி ஓடித் திரிந்தான்.

பின்னேரங்களில் அன்ரி வீடியோவில் அழைப்பா. அப்போது அவன் குளிருக்கு டென்மார்க்கிலிருந்து போட்டுவந்த தடித்த ஜக்கெட்டைப் போட்டு, கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு, வெள்ளைச் சுவரோடு ஒட்டி நிற்பான். வெளியே முப்பத்து மூன்று பாகை. நெற்றியால் ஊற்றும். பிள்ளைகள் சுற்றி நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒருமுறை சேவல் ஒன்று கூவிவிட்டது.

"என்னடா அது, நோர்வேயிலயும் சேவல் கூவுதோ?"

"பக்கத்து அறைக்காரற்ற போன் அம்மா. மணிச் சத்தம் அப்பிடி வைச்சிருக்கிறார்."

அன்று நான் சிரித்த சிரிப்பு இப்போது நினைத்தாலும் காதில் கேட்கிறது.

இரண்டாம் கிழமை ஒரு பெண் பிள்ளை வந்தாள், நாலு வயது இருக்கும். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள். சட்டையில் இரண்டு. மழை இருட்டிக்கொண்டு வர, நாளைக்கு வருகிறோம் என்று தாய் திரும்பிப் போய்விட்டா. மறுநாள் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் மேலே போயிருந்தது. அவள் பிழைக்கவில்லை. நண்பன் வாசலில் குந்தியிருந்து, பேனை மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். "நேற்றைக்கு எனக்குக் கை காட்டினவள் மச்சான்," என்றான். "ஒரு நாள்தானே. ஒரு நாள்."

வந்து பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை பின்னேரம், அன்ரி எனக்கு ஓல்போர்க்குக்கு அழைத்தா. ஏதாவது வருத்தம், காய்ச்சல் என்றால் அவ குடும்ப வைத்தியருக்கு முதல் என்னிடம்தான் கேட்பா.

"தம்பி, இவனுக்கு மத்தியானம் தொடக்கம் காய்ச்சல். நாலு போர்வை போட்டும் நடுங்குறான். கட்டிலும் சேர்ந்து ஆடுது." அவ குரலைத் தாழ்த்தினா. "எனக்கு இந்த நடுக்கம் பிடிக்கேல்லை, தம்பி."

அவ எந்த நடுக்கத்தைச் சொல்கிறா என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறப்பதற்குள் அவன் போனை வாங்கி, அறைக் கதவைச் சாத்திவிட்டான்.

"சொல்லாதை."

"இது மலேரியாவா இருக்கலாம். உனக்கே தெரியும்."

"எங்கட வார்ட்டில அரைவாசிப் பேர் இன்புளுவென்சாவில படுத்திருக்கினம். அதாத்தான் இருக்கும். நாளைக்கு வேலைக்குப் போய் நானே இரத்தம் குடுத்துப் பாக்கிறன். அம்மாவுக்குத் தெரியவே வேண்டாம். ஒரு நாள் மச்சான்."

மலாவியில் வாசலில் குந்தியிருந்து அவன் சொன்ன அதே 'ஒரு நாள்'. ஆனாலும் போனை அன்ரியிடம் கொடுக்கச் சொல்லி, டொக்டர்மார் கதைக்கிற குரலில் சொன்னேன்: "இப்ப எல்லா இடமும் புளூதான் அன்ரி. தண்ணி நல்லாக் குடுங்கோ. நாளைக்கு இரத்தம் பாக்கட்டும்."

"நீங்கள் சொன்னால் சரி, தம்பி," என்றா.

புதன்கிழமை காலையில், போனாயா என்று கேட்டு எழுதினேன். பெருவிரல் உயர்த்திய படம் ஒன்று மட்டும் பதிலாக வந்தது. போய்விட்டான் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அன்று வார்ட்டில் மூச்சுவிட நேரமில்லை. ஆனால் அது காரணமில்லை. அழைத்துக் கேட்க இரண்டு நிமிடம் போதும். கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயத்தில் கேட்காமல் விட்டேன்.

அவன் போகவில்லை. கட்டிலை விட்டு எழும்பவே அவனால் முடியவில்லை. அன்று பின்னேரம் அன்ரி தானே, தனக்குத் தெரிந்த டெனிஷில், வைத்திய அவசரத் தொலைபேசிக்கு எடுத்திருக்கிறா. மறுமுனையில் ஒரு இளம் பெண் டொக்டர்.

வியாழக்கிழமை மத்தியானம் எனக்கு மறுபடி அழைப்பு வந்தது. நான் வார்ட்டின் மருந்தறையில் நின்றேன்.

"தம்பி, அவன் சரியாக் கதைக்கிறானில்லை. டெனிஷும் தமிழும் கலந்து ஏதோ சொல்லுறான். ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு ஏதோ பாஷையில எண்ணுறான். கண் மஞ்சளாக் கிடக்கு. நேற்று மூத்திரமும் கறுப்பாப் போனது."

மருந்தறைக் கதவைச் சாத்தினேன்.

"அன்ரி, இப்பவே ஆம்புலன்சுக்கு அடியுங்கோ. மலேரியா எண்டு சொல்லுங்கோ. ஆப்பிரிக்காவில மூண்டு கிழமை இருந்தவன் எண்டு சொல்லுங்கோ."

"ஆர்?"

"அவன். நாங்கள் ரெண்டு பேரும். நோர்வேக்குப் போகேல்லை அன்ரி. மலாவிக்குப் போனனாங்கள்."

கோபம் இல்லாத, தட்டையான ஒரு குரலில் அவ சொன்னா:

"நான் நேற்று அந்த டொக்டர்ப் பிள்ளையிட்டக் கேட்டனான், தம்பி. மலேரியாவோ எண்டு. எங்கை போய் வந்தவர் எண்டு அது கேட்டுது. நோர்வே எண்டன். அங்க மலேரியா இல்லை அம்மா, பனடோல் குளிசை குடுங்கோ எண்டுது." அவ தொடர்ந்தா: "எனக்கு முதல் நாளே தெரிஞ்சது. ஒரு பிள்ளையில பாத்த நடுக்கம் மறக்குமோ? படிச்ச நீங்கள் புளூ எண்டு சொன்னாப் பிறகு, நான் ஆர் அதை இல்லையெண்டு சொல்ல?"

வைத்துவிட்டா. நான் கோல்டிங் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நானே எடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பொறுப்பானவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுக் காரில் ஏறினேன். ஓல்போர்க்கிலிருந்து தெற்கே இரண்டு மணித்தியாலத்துக்கும் கூடிய ஓட்டம். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் வயல்கள் ஈரக் கறுப்பாகக் கிடந்தன. வானமும் தரையும் ஒரே நிறம். வழி முழுக்க நான் மணித்தியாலங்களை எண்ணிக்கொண்டு போனேன். செவ்வாய் மத்தியானம் தொடக்கம் வியாழன் மத்தியானம். எங்கிருந்து எண்ணினாலும் அவனுடைய சட்டையில் ஒட்டவேண்டிய எண் மூன்றுதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே அவனுடைய அப்பா, நான் அங்கிள் என்று கூப்பிடுகிறவர், வேலை உடுப்போடேயே நின்றார். இரப்பர்ச் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே அவனுக்குச் சுவாச இயந்திரம் போட்டிருந்தார்கள். அன்ரி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவனுடைய பாதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தா. அவனுடைய கால்விரல் நுனிகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. நான் கிட்டப் போனபோது அவ நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனை மணக்கவிருந்த பெண் சுவரோரமாக நின்றாள். என்னிடம் டெனிஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சேவல் கூவிய நாளிலும் நீங்கள் பக்கத்தில் நின்றீர்களா?" ஓம் என்றேன். திரும்பி நடந்து போனாள்.

அவன் பிழைத்தான். அந்த வார்ட்டில் இருந்தவர்கள் கைவிடாமல் உழைத்தார்கள், அதற்கு மேல் எனக்கு விளக்கம் தெரியாது. அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "நான்தானே சொல்லாதை எண்டனான்," என்பான், பகிடி விடப் பார்ப்பான். அது எனக்கு இன்னும் பாரம்.

இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். அங்கிள்தான் கதவைத் திறந்தார். உள்ளே அன்ரி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. அவ வெளியே வரவில்லை. அங்கிள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு என்னோடு கார் வரை நடந்து வந்தார். அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை. முதலாளி சொன்னதைக் குறித்துக்கொண்டு திருப்பிச் சொல்கிறவர் மாதிரி, நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"நீர் கேட்பீர் எண்டுதான் சொல்லுறன், தம்பி. முப்பத்தொரு நாள் ஆஸ்பத்திரி. அதில எட்டு நாள் நினைவில்லை. பன்ரெண்டு தரம் இரத்தம் சுத்திகரிச்சவங்கள். கலியாணம் பேசின பெட்டை மோதிரத்தைத் தபாலில அனுப்பிட்டுது. இனி வார்ட்டில நிண்டு வேலை செய்ய ஏலாது, கதிரையில இருந்து செய்யிற வேலை, கிழமைக்குப் பதினைஞ்சு மணித்தியாலம். இடக் காலில மூண்டு விரல் எடுத்தாச்சு. வலக் காலில ஒண்டு."